முதல் தீ யார் வரப்பில்

என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன் முறை. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், செத்தும் சும்மா இருக்காமல் எழுந்து வந்து, "எங்கிட்ட வுடு தங்கச்சி, ஒனக்கு எதுக்குச் சிரமம்" என்று பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். இந்த ஒரு வேலையையாவது அவரிடமிருந்து காப்பாற்றி நானே செய்து முடிக்க வேண்டும்.

"எங்கிட்ட வுடு" என்பதுதான் ஆயுசு முழுக்க அவர் பேசிய பேச்சு. மற்றதெல்லாம் இதற்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வரும். நல்ல உயரம். மஞ்சள்கரை போட்ட வெள்ளை வேட்டியைத் தவிர வேறு கட்டி நான் பார்த்ததில்லை. தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், அண்ணனுடைய கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்.

பெரியம்மா ஒரு கதை சொல்லும். அண்ணன் ஆறாவது படிக்கும்போது வாத்தியார் சைக்கிளில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் வாத்தியார் வகுப்பு முழுவதையும் வெயிலில் நிற்க வைத்து, யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கையைத் தூக்கிவிட்டார். அடி விழுந்தது. சாயங்காலம்தான் வாத்தியாருக்கு நினைவு வந்திருக்கிறது, காற்றுப் போன அன்று இவன் காய்ச்சலில் பள்ளிக்கே வரவில்லை என்று. பொய் சொன்னதற்காக மறுபடியும் அடி. பெரியம்மா முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, ஏண்டா இப்படிச் செஞ்ச என்று கேட்டதற்கு, "எல்லாரும் சும்மாவே நின்னாங்கம்மா. என்னால பாக்க முடியல" என்றாராம்.

பெரியம்மா இதைப் பெருமையாகத்தான் சொல்லும். எனக்கு அப்போதே எரிச்சல் வரும். அந்தக் காற்றைப் பிடுங்கியவன் அன்றைக்கு என்ன கற்றுக்கொண்டிருப்பான் என்று யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் ஊர் செந்துறையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். மானாவாரி பூமி. செந்துறையில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை உண்டு. ஒரு தடவை பெரம்பலூரிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெரியவர் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றுவிட்டது. டிரைவர் கண்டக்டரைப் பார்க்கிறார், கண்டக்டர் ஜனங்களைப் பார்க்கிறார். ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் எல்லாரும் நிற்கிறார்கள். அண்ணன் வந்தார். "எங்கிட்ட வுடுங்க சார், நீங்க வண்டிய எடுங்க" என்றார். முன்பின் தெரியாத அந்தப் பெரியவரைக் கட்டிலில் கிடத்தித் தன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்விட்டார். சட்டைப்பையில் இருந்த போன் நம்பரைப் பிடித்து, ரஞ்சன்குடியிலிருந்து ஆட்கள் வந்து அழுது முடித்து எடுத்துப்போகிற வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு போலீஸ் அவரைத்தான் பல தடவை கூப்பிட்டு விசாரித்தது. ஒவ்வொரு தடவையும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனார். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கும்.

ஊரே புகழ்ந்தது. அன்றைக்கு அண்ணி அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் என் வீட்டில் சாப்பிட்டன. ஆட்கள் போனபிறகு வாசலைக் கழுவியதும், அந்தக் கட்டிலைத் தேய்த்ததும், பயந்துபோன சின்னவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு விழித்திருந்ததும் அண்ணிதான். அண்ணன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டதெல்லாம் கடைசியில் இறங்கிய இடம் அண்ணி தலை. அண்ணி அதிகம் பேசாது. பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில்தான் அதன் கோபம் தெரியும்.

இனிப் பூச்சிக்கு வருகிறேன். அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லாமல் முடியாது.

கம்பளிப்பூச்சி என்றால் எல்லாருக்கும் தெரிந்தது அந்தச் சிவப்பு மயிர்ப் புழு. மேலே பட்டால் அரிப்பெடுக்கும். அதன் தாய்ப்பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தால் இதுவா அதைப் பெற்றது என்று தோன்றும், அவ்வளவு சுத்தமாக இருக்கும். வெள்ளை இறக்கை, அதில் பழுப்புக் கோடுகள், முன்விளிம்பு நெடுக மஞ்சள் பட்டை. அண்ணன் வேட்டி மாதிரியேதான். பின்னிறக்கையில் கறுப்புப் பொட்டுகள். அது எதையும் தின்னாது. வாழ்கிற சில நாளில் அதற்கு ஒரே வேலை, இலைக்கு அடியில் கொத்துக் கொத்தாக மஞ்சள் முட்டை வைப்பது. தின்கிற வேலையெல்லாம் பிள்ளைகளுக்கு. பொரித்ததும் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டும். வளர வளரச் சிவப்பு மயிர் முளைத்து, கறுப்புப் பட்டை ஓடி, இலையைக் காம்போடு தின்னும். ஒரு கடலைக்காடு முடிந்தால் அடுத்த காட்டுக்குப் படையாக நடக்கும். தின்று தீர்ந்ததும் வரப்பு ஓரத்திலும் மரத்து நிழலிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். புளியங்கொட்டை நிறத்தில் அசையாமல் அடுத்த மழை வரைக்கும் அப்படியே கிடக்கும். எங்கள் பக்கம் மட்டும் என்றில்லை. இங்கிருந்து ஆந்திராவின் வறண்ட பக்கம் வரைக்கும், வானத்தைப் பார்த்து நிலக்கடலை போடுகிற இடமெல்லாம் அதற்குச் சொந்த ஊர்தான்.

நல்ல மழை ஒன்று பெய்தால், நமக்கு உயிர் வருகிற அதே நாளில் அதற்கும் வரும். பொழுது சாய்ந்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து இறக்கையைக் காயவைத்துப் பறக்கும். அன்றைக்கே பிடித்தால்தான் உண்டு. வெளிச்சத்துக்கு வருகிற சாதி என்பதால் வரப்பு வரப்பாகக் காய்ந்த செடித்தண்டு மார் அடுக்கித் தீ மூட்டுவோம், வந்து விழுந்து சாகும். ஆனால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூட்ட வேண்டும். ஒரு காட்டில் மட்டும் எரிந்தால் சுற்றுவட்டாரப் பூச்சியெல்லாம் அங்கே போகும். விழுந்தது போக மிச்சம் அந்தக் காட்டுக் கடலையிலேயே முட்டை வைக்கும்.

ஒரு வருடம் மேட்டுப்பக்கத்து மேலக்காட்டுக்காரர்கள் பேசி வைத்தபடி தீ மூட்டினார்கள். கீழக்காட்டுக்காரர்கள் ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, இருட்டியபிறகு வந்து படுத்துவிட்டார்கள். பூச்சி மேலே போனது. மேலக்காட்டில் பாதிக் கடலை போயிற்று. அதிலிருந்து இரண்டு பக்கமும் டீக்கடையில்கூடச் சேர்ந்து உட்காருவதில்லை. அண்ணன் காடு இரண்டுக்கும் நடுவில். என் காடு அதை ஒட்டி.

அடுத்த வருடம் விதைக்கிறதற்கு முன்னாலேயே அண்ணி என்னிடம் வந்து உட்கார்ந்தது. விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. விதைக் கடலை முழுவதையும் தன் கையாலேயே உடைத்திருந்தது. அவர்கள் வீட்டு ஓடு பாதி உடைந்து கிடந்தது. மழை வந்தால் அண்டா, குண்டான் எல்லாம் நடுவீட்டுக்கு வந்துவிடும். பெரியவள் ப்ளஸ் டூ, புத்தகத்தை உரச்சாக்கில் சுற்றிவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசக் கடல என்னோடதுன்னு ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்" என்றது அண்ணி. "வெளஞ்சா ஓடு மாத்தணும். ஊருக்கு ஏதாச்சும் வேணும்னா அவரு உசுரக் குடுக்கட்டும். என் கடலையக் குடுக்கக் கூடாது."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. சரின்னுதான் எப்பயும் சொல்லுவாரு."

கடலை முளைத்து, காடு பச்சை கட்டியபிறகு ஆனியில் அந்த மழை வந்தது. மத்தியானம் தொடங்கி விடாமல் பெய்து, பொழுது சாயும்போது நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் நனையாமல் வைத்திருந்த எள்ளுமாரையும் பருத்திமாரையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் காட்டுக்கு ஓடினோம். நானும் என் வீட்டுக்காரரும் வரப்பில் மாரைக் குவித்துவிட்டு நிமிர்ந்தோம்.

யாரும் பற்றவைக்கவில்லை.

மேலக்காட்டு வரப்புகளில் ஆள் ஆளாக நிற்கிறார்கள். கீழக்காட்டிலும் அப்படியே. எல்லார் காலடியிலும் மார், எல்லார் கையிலும் தீப்பெட்டி. மேலே இருப்பவர்கள் கீழே பார்க்கிறார்கள், கீழே இருப்பவர்கள் மேலே பார்க்கிறார்கள். போன வருடம் ஏமாந்தவனுக்கு முதலில் பற்றவைக்கப் பயம். ஏமாற்றியவனுக்கு இந்த வருடம் பழி தீர்ப்பார்களோ என்று பயம். வரப்பு ஓரம் ஈர மண் பொத்துக்கொண்டு முதல் பூச்சி மேலே வந்தது. புல்லில் ஏறிச் சுருங்கிக் கிடந்த இறக்கையை விரித்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பார்க்கிற இடமெல்லாம்.

"மூட்டுங்கடா," என்றார் மேலே யாரோ ஒரு பெரியவர்.

"நீங்க மூட்டுங்க மொதல்ல," என்று கீழே இருந்து பதில் வந்தது. அவ்வளவுதான். மறுபடி எல்லாரும் நின்றார்கள்.

வெளிச்சம் குறையக் குறைய எல்லார் தலையும் மெல்ல மெல்ல ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நடுக்காட்டைப் பார்த்து. அண்ணனைப் பார்த்து. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணன் கால் மாற்றிக் கால் வைத்து நின்றார். நெற்றியில் வேர்வை. வெயிலில் நின்ற அந்தப் பள்ளிக்கூடப் பையனை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு அண்ணியிடம் கையை நீட்டினார். தீப்பெட்டி அண்ணியிடம் இருந்தது.

"குடு."

"குடுக்க மாட்டேன்."

"எல்லாரும் சும்மா நிக்கிறாங்க பாரு."

"நிக்கட்டும். அவங்களுக்கும் கையி இருக்கு."

அண்ணி தீப்பெட்டியை இடுப்பில் சொருகி முந்தானையை இழுத்துக் கட்டிக்கொண்டது. அண்ணன் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். அப்புறம் திரும்பி, பொதுவாக, யாரிடம் என்று இல்லாமல், "ஒரு தீப்பெட்டி குடுங்க" என்றார்.

அந்தக் காட்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மேலக்காட்டிலிருந்தும் கீழக்காட்டிலிருந்தும் அத்தனை கையும் நீண்டது. ஒரு வருடமாக முகம் பார்க்காதவர்கள் அவர் வரப்புக்கு ஓடிவந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று தீப்பெட்டியை நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் கையும் அதில் இருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கை இறங்கவில்லை.

அண்ணன் யாருடையதையோ வாங்கிப் பற்றவைத்தார். தீ எழுந்ததும் காடு முழுக்க ஒரு சலசலப்பு. வெள்ளை வெள்ளையாகப் பூச்சி எங்கள் தலைக்கு மேலே கடந்து போய்க்கொண்டே இருந்தது. தீப்பெட்டி நீட்டியவர்கள் அவரவர் மாரை நனையாமல் தார்ப்பாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சொல்லக் கூடாது, சந்தோஷமே இருந்தது. அண்ணி விளக்குமாற்றால் கடலைச் செடி மேல் உட்காருகிறதையெல்லாம் தீப்பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தது. தலையிலும் தோளிலும் பூச்சி மொய்த்து நின்றது. அழவில்லை. நானும் ஒரு விளக்குமாறு எடுத்துக்கொண்டு போனேன், எங்கள் இரண்டு பேரால் அதை என்ன செய்துவிட முடியும்.

முட்டை பொரித்து, அந்தக் காட்டில் இலையெல்லாம் சல்லடையாயிற்று. புழு பெருத்துச் சிவந்ததும் இலையும் இல்லை, தண்டுதான். அண்ணியின் ஓடு அத்தோடு போயிற்று.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. புழு நடக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள் காலையில் மேலக்காட்டுக்காரர்களும் கீழக்காட்டுக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. தீ மூட்டச் சேராதவர்கள், அண்ணன் காட்டைச் சுற்றிப் பள்ளம் வெட்டச் சேர்ந்துவிட்டார்கள். செங்குத்தாக வெட்டிவிட்டால் புழு விழுந்து ஏற முடியாது. உள்ளே காட்டாமணக்குத் தழை பரப்பினால் வெயிலுக்கு அதன் அடியில் கூடும், நசுக்கிவிடலாம். வேலை நேர்த்தியாக நடந்தது, சிரிப்பும் பேச்சுமாக. அண்ணன் கேனில் டீ வாங்கிவந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தார். தன்னைச் சுற்றி வேலி போடுகிறவர்களுக்கு டீ கொடுத்த மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அண்ணி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடிந்து நான் காட்டுக்குப் போனபோது என் கடலையில் புழு. வரிசை வரிசையாக. ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளம் நாலு பக்கமும் அங்கங்கே மண் தள்ளி மூடி, மேலே மிதித்துக் கெட்டி பண்ணியிருந்தது. சின்னக் காலடி, இடதுகால் சுண்டுவிரல் விலகியது. அந்தக் காலடி யாருடையது என்று எனக்குத் தெரியாதா. வந்த கோபம் யார் மேல் என்றுதான் அன்றைக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் ஊரே அண்ணன் வீட்டு வாசலில் நின்றது. ஒருத்தன் கையில் கம்பு. "எவன்டா பள்ளத்த மூடுனது?"

அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நாந்தான் மூடுனேன். எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்க."

கம்பு வைத்திருந்தவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். அண்ணன் நகரவில்லை. தோளைக்கூட இறக்கிக் கொடுத்த மாதிரி நின்றார்.

"அவரு மூடல," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணி நிலைப்படியில் வந்து நின்றது. "நான் மூடுனேன். சந்தேகம்னா காலடியப் போய்ப் பாருங்க."

"நீ சும்மா இரு," என்றார் அண்ணன். "எங்கிட்ட வுடு."

"இத ஒங்ககிட்ட வுட மாட்டேன்."

அப்படி ஒரு குரலை அண்ணியிடம் யாரும் கேட்டதில்லை. கம்புக்காரன் கம்பைக் கீழே ஊன்றினான்.

"எதுக்குமா மூடுன? நாங்க ஒனக்கு என்ன பண்ணுனோம்?"

"தீப்பெட்டி நீட்டுனீங்கல்ல," என்றது அண்ணி. "ஒங்க குச்சியில எரிஞ்ச தீக்கு வந்த பூச்சிதான. அது புள்ளைங்க இது. ஒங்களுதுதான். பாத்துக்கங்க."

நான் அண்ணனைப் பார்த்தேன். அடி வாங்காமல் தப்பித்த ஆள் மாதிரி இல்லை. கையில் இருந்த பொருளைப் பிடுங்கிக்கொண்டால் குழந்தை முகம் போகுமே, அப்படிப் போயிருந்தது.

அந்த வருடம் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் போயிற்று. எனக்கும். அண்ணியோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். ஐப்பசி மழையில் பெரியவள் புத்தகச் சாக்கோடு என் வீட்டுக்கு வந்து நின்றபோது அண்ணியோடு பேச வாய் தானாகத் திறந்துவிட்டது. புழு எல்லார் காட்டிலும் தின்று எல்லார் வரப்பிலும் மண்ணுக்குள் இறங்கியது. கோடை உழவில் ஆளாளுக்குத் தன் வரப்பைக் கொத்தி, கூட்டுப்புழுவைப் பொறுக்கி நசுக்கினார்கள். இதுவரை செய்யாதவர்கள்கூடச் செய்தார்கள்.

அடுத்த கடலையில்தான் அண்ணி ஓடு மாற்றியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முன்னால் மழை பெய்த அந்தச் சாயங்காலம். மாரை அடுக்கிவிட்டு எல்லாரும் நின்றோம். அண்ணன் இந்தத் தடவை சொந்தமாக ஒரு தீப்பெட்டி வாங்கி வைத்திருந்தார். ஒரு பக்கம் உள்ளே தள்ளிக் குச்சியை எடுத்தார். உரசுவதற்குள் கீழக்காட்டில் ஒரு தீ எழுந்தது. மேலே ஒன்று. என் வீட்டுக்காரர் எங்களுடையதைப் பற்றவைத்தார். அண்ணனுடைய மாரை அதற்குள் அண்ணி பற்றவைத்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரப்பெல்லாம் எரிந்தது. பூச்சி எங்கே போவதென்று தெரியாமல் நாலாபக்கமும் சிதறிப் பறந்தது.

அண்ணன் தன் தீயைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தங்கச்சி, நம்ம தீக்கு மட்டும் ஏன் இவ்ளோ கொஞ்சமா வருது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அண்ணிதான் தீயைக் கிளறிக்கொண்டே பதில் சொன்னது. "அதுங்களுக்கு இப்ப போறதுக்கு எடம் இருக்கு. நீங்க செத்த நேரம் ஒக்காருங்க."

அண்ணன் ஈர வரப்பில் உட்கார்ந்தார். உரசாத குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சுற்றிலும் எல்லாரும் வேலையாக இருந்தார்கள், யாரும் அவரைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தீப்பெட்டியைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்க தங்கச்சி."

நான் வாங்கிக்கொண்டேன்.